விளக்கு எரியும்போது

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். ஏலக்காய் ஜாஸ்தி, சர்க்கரை கம்மி. எங்கள் கல்லூரி கேன்டீனில் மூன்று வருஷமும் இதற்குத் தலைகீழாகத்தான் கொடுத்தார்கள்.

நேற்று நான் சொன்னதை நீங்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சேர்க்கத்தான் வந்தேன். ஒரு அளவை எடுத்துவிட்டுத் திருத்தம் போடாமல் அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

"அந்தச் சாயங்கால நேரத்துல ரெண்டு பேரும் எங்கம்மா போய்க்கிட்டு இருந்தீங்க?" என்று நேற்று கேட்டீர்கள். கேட்ட விதத்தில் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நிலா பார்க்கப் போனோம். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

இந்த ஊர் முழுக்கப் பௌர்ணமிக்குக் காத்திருக்கும். எங்கள் வானியல் வட்டம் மட்டும் வளர்பிறை அஷ்டமி, நவமிக்குக் காத்திருக்கும். அப்போது நிலாவின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. அந்த இருட்டு விளிம்பு நகர்ந்து போகும்போது வழியில் இருக்கும் நட்சத்திரத்தை மறைத்துவிடும். மங்கி மங்கி மறையாது. இருக்கும், சட்டென்று இருக்காது. அந்தச் 'சட்'டை நொடியின் துண்டு வரைக்கும் குறித்து வெளிநாட்டில் ஒரு சங்கத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதை வைத்து நிலாவின் பாதையையும் அதன் விளிம்பில் இருக்கும் மேடு பள்ளத்தையும் சரிபார்ப்பார்கள். அனுப்பும் அறிக்கையில் பார்த்தவர்களின் பெயர் வரிசையாக வரும்.

பெயர் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யார் பெயரும் ரேஷன் கார்டைத் தாண்டி எதிலும் வந்ததில்லை. என் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று தாலுகா ஆபீசில் முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுப்பார்கள், தெரியுமா. முதல் பட்டதாரி சான்றிதழ். என் பரம்பரை எனக்கு எழுதி வைத்த ஒரே ஆஸ்தி அதுதான்.

வட்டத்தை நடத்துகிறவர் ராஜமாணிக்கம் சார். இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் புது வீடு, மொட்டை மாடியில் தொலைநோக்கி. ஆசிரமம் பக்கத்து விடுதிகளில் தங்கித் தங்களைத் தேடிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள் தேடல் இல்லாத நாட்களில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் சாரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போது சார் முகம் தீபத்தன்று மலை உச்சி மாதிரி இருக்கும். நான் காலையில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அங்கே போய்த் தொலைநோக்கியின் முக்காலியைத் தூக்குவேன். மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சார் சொல்லியிருந்தார். என் பெயர் அறிக்கையில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு வெயிட் கூடும் என்றும் அவரே சொன்னார். ஆக, எனக்கு வேண்டியது ஒரு வரி. மணிமொழி, இயற்பியல் பட்டதாரி, திருவண்ணாமலை. இவ்வளவுதான். சொத்தில் பங்கு கேட்கவில்லை.

இப்போது வேலையின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் மறைந்ததைக் கண் பார்க்கிறது, மூளைக்குச் சொல்கிறது, மூளை விரலுக்குச் சொல்கிறது, விரல் பொத்தானை அழுத்துகிறது. இந்தத் தபால் போய்ச் சேர நேரம் ஆகும். நிலா தாமதமாக வருவதில்லை, மேடம். மனுஷன்தான் தாமதம். அந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் மாறும். அதை அளந்து, அவரவர் குறித்த நேரத்திலிருந்து கழித்தால்தான் சரியான நேரம் கிடைக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் கழிவு. ஆளுக்கொரு கழிவு.

இந்தக் கழிவை அளக்க வேண்டும் என்று சொன்னதே நான்தான். போன வருஷக் கடைசியில் ஒரு மறைவைப் பார்த்தோம். எல்லார் கையிலும் நேரம் சரிசெய்த கடிகாரம். நான் அழுத்தினேன். எனக்குக் கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் சார் அழுத்தினார். சாரின் அக்கா மகன் பாலாஜி நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை, சார் விரலைப் பார்த்து அழுத்தினான். அதனால் அவன் நேரம் சாருடைய நேரத்துக்கு வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது அறிவியல். மூன்றாவது ஆள் அவசரக்காரி.

"அவசரம்மா உனக்கு" என்றார் சார், எல்லார் முன்னாலும். "நட்சத்திரம் போறதுக்கு முன்னாடியே போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்ட. இந்த முதல் தலைமுறைப் பசங்களே இப்படித்தான். எதையும் எட்டிப் புடிக்கணும்."

"எட்டிப் புடிச்சாதான சார் எங்களுக்குக் கிடைக்கும்" என்றேன்.

சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு என் நேரத்தை அடித்துவிட்டு, என் பெயர் இருந்த இடத்தில் பாலாஜியின் பெயரைப் போட்டார். "பேரு யாருதா இருந்தா இன்னாம்மா, நட்சத்திரம் ஒண்ணுதான" என்றார். உண்மை. நட்சத்திரம் ஒன்றுதான். அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தாலும் நட்சத்திரம் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் நாகரிகம் தெரியும்.

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று பெட்டி செய்தேன். செருப்புக் கடை அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்பு மை, முன்னால் ஊசி ஓட்டை, அதற்குப் பின்னால் கடுகு அளவு விளக்கு. எண்கள் காட்ட ஒரு சின்ன மின்பலகை. விளக்கு எரியும். எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. அணைந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பலகை கழிவைக் காட்டும். பலமுறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.

முதல் நாளே சார் ஒரு விதி போட்டார். அவர் முறை வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிச் செருமினேன். உடனே கையை எடுத்துவிட்டார்.

"விளக்கு எரியும்போது வாயத் தொறக்காத. சோதனை பண்றவ சத்தம் போட்டா அளவு கெட்டுப்பூடும். இதுகூடத் தெரியாம இன்னாத்தப் படிச்ச?"

நியாயமான விதி. உண்மையிலேயே நியாயமானது. அதற்குப் பிறகு விளக்கு எரியும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். சார் வீட்டில் சோதனை நடந்த அந்த அறையில் எங்கள் எல்லாருக்கும் அது வழக்கமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற மாதிரி.

முடிவு என்ன வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். எல்லாரையும்விட வேகமான கை என்னுடையது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாரையும்விட மெதுவான கை சாருடையது. பாதி நொடி. அதுகூடப் பரவாயில்லை, வயது அறுபத்து நான்கு. நடுநடுவே இன்னொன்று வந்தது. விளக்கு அணைந்துவிடும், சார் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார், கண் திறந்திருக்கும், விரல் பொத்தான் மேலேயே இருக்கும், ஒன்றும் நடக்காது. ஒரு நொடி. சில தடவை இரண்டு. பிறகு எங்கேயோ போய்த் திரும்பி வந்தவர் மாதிரி அழுத்துவார். போய் வந்தது அவருக்கே தெரியாது.

சார் எண்ணைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "பொட்டில ஏதோ கோளாறு. சரி பண்ணிக் கொண்டா" என்றார்.

சரி பண்ணிக் கொண்டுபோனேன்.

எப்படி என்று கேட்காதீர்கள், ரொம்பச் சாதாரண வேலை. பலகைக்குள் இருக்கும் கட்டளைகளில் ஒரு வரி சேர்த்தேன். சார் முறை வரும்போது நான் அடியில் ஒரு விசையைத் தள்ளினால் போதும், எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு நொடி வந்தால் அதைக் காட்டவே காட்டாது. அடுத்த முறை சாருக்கு என்னுடையதைவிடக் குறைவான எண் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன். அறையில் கைதட்டல்.

"பாத்தியா" என்றார் சார்.

"பையன் கை சார் உங்களுக்கு" என்றேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதானே. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே. வாத்தியார் தப்பென்றால் தப்பு, சரியென்றால் சரி. வாத்தியார் பெட்டி கோளாறு என்றார், நான் ஆமாம் என்றேன். கீழ்ப்படிதலுக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் மாவட்டத்தில் முதல் பரிசு எனக்குத்தான். ஆனால் பரிசு சாருக்குக் கிடைத்தது. வட்டத்தின் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, 'மின்னல் கரம்' என்று எழுதி, அந்த எண்ணையும் பொறித்து ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். வாசகம் பாலாஜியுடையது, எண் என்னுடையது. நீங்கள் சாரிடம் வாக்குமூலம் வாங்கப் போனபோது அவர் வீட்டுக் கூடத்தில் அந்த ஷீல்டைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததால்தான் நேற்று என்னிடம் அப்படிச் சொன்னீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

விழாவுக்கு முன்னால் சார் வீட்டம்மா ஆதிலட்சுமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டில் எனக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கும் தட்டில் அடை வைத்து, வெல்லம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணு, உள்ளத மறைக்காம சொல்லு. அவரு கை லேட்டாவுதா?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"சில நேரம் மனுஷன் இங்கயே இருக்க மாட்டாரு. கரண்டி கையிலயே நிக்கும். கூப்ட்டா, இன்னாடின்னு எரிஞ்சு உழுவாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா எனக்கு இன்னா கேடுங்கறாரு. சண்ட போட்டுத்தான் கார ஓட்ட வேணாம்னு டிரைவர் வெச்சேன். இப்ப அந்தப் பொட்டி நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சாம், டிரைவர நிறுத்தப் போறாராம். நான் சொன்னா கேக்க மாட்டாரு, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு. உன் பொட்டி சொன்னா கேப்பாரு. அதான் உன்னக் கேக்கறேன்."

அடை நன்றாக இருந்தது. முருங்கைக் கீரை போட்டிருந்தார்.

"சாருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "எங்க எல்லாரையும்விட அவருதான் ஃபாஸ்ட்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு அடை வைத்தார். அதையும் சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் சந்தேகப்பட்டிருப்பார்.

டிரைவர் குமரேசனை அடுத்த வாரம் நிறுத்தினார்கள். கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்தவர், "இன்னாமே, உன் பொட்டி எனக்கும் சேத்துக் கணக்கு முடிச்சுடுச்சா?" என்றார். "பெட்டி இல்லண்ணே, சாரோட கை" என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனார். என்மேல் இல்லை, தரையில்தான். இந்த ஊரில் எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள்.

அதற்குப் பிறகு சாரே கார் ஓட்டினார். எனக்கு வேங்கிக்காலில் ரூம் என்பதால், மறைவு பார்க்கப் போகிற நாட்களில் என்னையும் ஏற்றிக்கொள்வார். செங்கம் ரோட்டில் ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போனால் ஒரு நிலம், அங்கேதான் எங்கள் இடம். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஏறியதும் பெல்ட் போடுவேன். சாருக்கு அது வேடிக்கை. "இன்னாம்மா, மின்னல் கரத்து மேல நம்பிக்க இல்லியா?" என்பார். "பழக்கம் சார்" என்பேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் கார் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. அவர் யோசிக்காத விஷயங்களை எழுத உங்கள் பேப்பர் போதாது.

காரில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அட்டைப்பெட்டி விளக்கு பொம்மை விளக்கு. ரோட்டில் எத்தனை உண்மையான விளக்கு. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறது, சார் கால் பிரேக்கை மிதிக்கிறது, நம் கார் முன்பக்கம் லேசாகக் குனிகிறது. விளக்கு எரிந்ததும் ஸ்டாப்வாட்சை ஒரு அழுத்து, கார் குனிந்ததும் இன்னொரு அழுத்து. மறைவுக்காகக் கழுத்தில் எப்போதும் மாட்டியிருப்பதுதானே, சார் கவனிக்கவே இல்லை. ஒரு மனிதனின் கழிவை அவன் அறியாமல், நடுரோட்டில், வாரக்கணக்கில் அளந்த வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல ஆய்வு. பெயர் போட ஆள் இருந்தால் இதற்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

என்ன தெரிந்தது என்றால், காலையில் பரவாயில்லை. இருட்டத் தொடங்கும் நேரம் மோசம். பேசும்போது மோசம். தன்னைப் பற்றிப் பேசும்போது ரொம்ப மோசம். அது பெரும்பாலும் எப்போதும்தான் என்றாலும், அதிலும் ஒரு கதை இருந்தது. சார் சின்ன வயதில் ஒரு மாநாட்டில் பேசியதும், வடநாட்டுப் பேராசிரியர் எழுந்து நின்று கைகொடுத்ததும். அந்தக் கைகொடுக்கும் இடம் வரும்போது சார் இங்கே இருக்க மாட்டார். கண் ரோட்டில் இருக்கும், அவர் மாநாட்டில் இருப்பார்.

இருட்டும் நேரத்தையும் அந்தக் கதையையும் சேர்த்து ஒரு அளவு மட்டும் என்னிடம் இல்லை.

அன்றைக்கு வளர்பிறை நவமி. சாயங்காலம் கிளம்பும் முன்னால் சார் அடுத்த அறிக்கையைக் காட்டினார். பெயர் வரிசையில் முதலில் சார். பிறகு பாலாஜி. பிறகு இரண்டு வெள்ளைக்காரர்கள், அதில் ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தவர். கடைசியில் 'மற்றும் உதவியாளர்கள்' என்று இருந்தது.

"உன்னையும் சேத்துட்டேன், பாத்தியா" என்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி முகம். பொய்யாகச் சொல்லவில்லை, மேடம். உண்மையிலேயே சேர்த்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.

ஊரைத் தாண்டி ஆசிரமம் வந்தது, டீக்கடைகள், சைக்கிளில் வெள்ளைக்காரிகள், மாலை கட்டுகிறவர்கள், வழக்கமான கூட்டம். அதைத் தாண்டியதும் ரோடு காலியானது, சார் வேகம் எடுத்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் கேட்டேன்.

"சார், அந்த மாநாட்டுக் கதைய நீங்க ஒருநாள் பாதில விட்டுட்டீங்க. அந்தப் பேராசிரியர் எழுந்து வந்து இன்னா சொன்னாரு?"

இதை நான் நேற்று சொல்லவில்லை. 'பேசிக்கொண்டு போனோம்' என்று மட்டும் சொன்னேன். திருத்தம் இங்கிருந்து ஆரம்பிக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

சார் சொல்ல ஆரம்பித்தார். முன்னால் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. இடதுபக்கம் ஒழுங்காக, நிதானமாக. கிரிவலப் பாதை திரும்பும் இடத்தில் ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஆட்டோக்காரர் அவருக்காக வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். பிரேக் விளக்கு எரிந்தது. நல்ல சிவப்பு, புதுசாக மாற்றிய விளக்கு. நான் அழுத்தினேன்.

அந்த ஆட்டோக்காரர் இருசப்பன். எனக்குத் தெரிந்தவர் என்று நேற்று சொன்னேன். எவ்வளவு தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் பஸ் தவறினால் அவர் ஷேர் ஆட்டோதான். உள்ளே மூட்டையும் ஆளுமாக அடைந்து கிடக்கும், என்னைப் பார்த்ததும், "நவுருங்கப்பா, காலேஜு புள்ள ஏறுது. நாளைக்கு ஆபீசரா வந்து உங்களுக்குத்தான் கையெழுத்து போடும்" என்பார். ஒருத்தர் நகர்ந்தால் எல்லாரும் நகர்வார்கள். என் படிப்புக்காக இந்த ஊரில் யாராவது ஒரு இஞ்ச் நகர்ந்தார்கள் என்றால் அது அந்த ஆட்டோவுக்குள்தான்.

அவர் மனைவி மணியம்மாள் முந்தாநாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "நீயாவது பொழச்சியே கண்ணு, போய்ச் சேந்த மனுஷனுக்கு உம்மேல ரொம்ப உசுரு" என்றார். அழுகிறவர்களிடம் திருத்தம் சொல்வது அநாகரிகம்.

நேற்று நீங்கள் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னீர்கள். "இவ்ளோ வேகமான கைன்னு ஷீல்டே வாங்கின மனுஷன், அவராலயே புடிக்க முடியலன்னா, அந்த ஆட்டோக்காரன் எவ்ளோ திடீர்னு நிறுத்தியிருப்பான். நீ மனச உட்டுடாத." சாரும் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் சொல்கிறாராம், திடீரென்று நிறுத்திவிட்டான் என்று. அவர் பொய் சொல்லவில்லை. மாநாட்டிலிருந்து அவர் திரும்பி வந்தபோது ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அது திடீர்தான்.

ஆனால் திடீர் இல்லை, மேடம். ராத்திரி முழுக்க இதுதான் என்னை உறுத்தியது. இருசப்பன் அண்ணன் தப்பு செய்தார் என்று எழுதுவது, அதுவும் என் எண்ணை ஆதாரமாக வைத்து எழுதுவது. அந்த எண் தப்பு. ஷீல்டில் பொறித்திருந்தாலும் தப்பு. சரியான எண் இதோ.

இந்த ஸ்டாப்வாட்ச்தான். மேசை மேல் வைக்கிறேன், தயவுசெய்து யாரையும் தொட விடாதீர்கள், ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் ஆகிவிடும். கண்ணாடி கீறியிருக்கிறது, எண் நன்றாகத் தெரிகிறது. விளக்கு எரிந்ததிலிருந்து சார் கால் பிரேக்கைத் தொட்டது வரைக்கும். ஆமாம், தொட்டார். கார் குனிந்தது, நான் இரண்டாவது முறை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் மோதியது. படித்துப் பாருங்கள். மூன்று நொடிக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பெட்டியில்கூட அவ்வளவு வந்ததில்லை.

என் கையின் கழிவு ஐந்தில் ஒரு பங்கு. ஆரம்பத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எண்ணை அப்படியே எழுதலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டியை வரவழைத்து என்னைச் சோதித்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் விசையைத் தள்ளாமல்.

மூன்று நொடி என்றால் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த ஆட்டோவின் முதுகில் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. படித்தேன். அதற்குக் கீழே கவியா, நந்தினி என்று அவர் மகள்கள் பெயர். படித்தேன். அதற்கும் கீழே அவர் செல் நம்பர். அதையும் கடைசி எண் வரைக்கும் படித்தேன். என் போனில் இருக்கும் நம்பர்தான், சரியாக இருந்தது.

நான் யாரையும் கொல்லவில்லை. கார் என்னுடையது இல்லை, கால் என்னுடையது இல்லை. சாரைத் தூக்கி உள்ளே வையுங்கள் என்று கேட்கவும் வரவில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அண்ணன் பெயரில் தப்பு ஏறக் கூடாது, இவ்வளவுதான். எழுதும்போது அளந்தவர் என்று என் பெயரை முழுதாகப் போடுங்கள். உதவியாளர் என்று வேண்டாம். இனிஷியல் ஆர்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. பேனாவை வேறு கீழே வைத்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை, 'சார்' என்று ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதுமே, அத்தனை நேரம் இருந்ததே என்று கேட்கப் போகிறீர்கள். இயற்பியல் படிக்காதவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மேடம். விளக்கு எரியும்போது வாயைத் திறக்காதே என்று சொன்னது சார்தான்.